பிள்ளைகள் வாசிப்பதைக் கவனிப்பதும் குறித்து வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும் கூடிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பரீட்சை வைக்காமல், மதிப்பெண் போடாமல், பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு இரண்டு வரி எழுதி வைப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே நிலை பார்க்கிறோமே, இது வேறு எதற்கு?

2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்த, தமிழக அரசின் அந்த அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். யாரை எந்தக் குழுவில் உட்காரவைப்பது என்பதற்கு அது உதவும். ஆனால் மொட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொல்லைச் சரியாக முடிக்கிறாள். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. இன்னொருவன் முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துக் கடகடவென்று போகிறான். 'பட்டம்' என்று இருந்தால் 'படம்' என்கிறான். இரண்டு பேரும் ஒரே நிலைதான், ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுக்கொன்று எதிரானது. அவளுக்குப் பழகிய சொற்கள் நிறைந்த சின்னக் கதையைப் பலமுறை படிக்கக் கொடுக்க வேண்டும். அவனைக் கடைசி எழுத்து வரை கண்ணை ஓட்டப் பழக்க வேண்டும். இந்த வித்தியாசம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், எங்கே நிற்கிறது என்பதை. தமிழில் பிள்ளைகள் தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்த இடங்கள்தான். 247 எழுத்து என்று நாம் மலைப்பாகச் சொன்னாலும், உயிரும் மெய்யும் குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். வராமல் நிற்பது சில இடங்களில்.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும். 'கொக்கு' என்பதைக் 'கோக்கு' என்று படிப்பார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. அதனால் 'கெ'யைப் பார்த்ததும் கண் எதை முதலில் பிடிப்பது என்று திணறும். 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம். அதைக் 'கெ', 'கா' என்று பிரித்துப் படிக்கும் பிள்ளை நிறைய உண்டு. அப்புறம் உகர, ஊகார வரிசை. கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொரு எழுத்திலும் குறி வேறு வடிவம் எடுக்கிறது. 'கி, சி, தி' தெரிந்த பிள்ளைக்கு 'மி' தெரிந்துவிடும். 'கு, சு' தெரிந்த பிள்ளைக்கு 'நூ' தெரியும் என்று சொல்ல முடியாது. இந்த வரிசையை எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம். புள்ளி வைத்த எழுத்தை விழுங்குவது இன்னொன்று. 'பட்டம்' படமாவது அப்படித்தான்.

இரண்டாவது, நின்ற பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்பது. இதுதான் முக்கியம். நம் முகத்தைப் பார்க்கிறதா, படத்தைப் பார்க்கிறதா, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வருகிறதா, அடுத்தவன் சொல்லட்டும் என்று காத்திருக்கிறதா? 'கோழி கூரைக்குள் ஓடியது' என்ற வரியைக் 'கோழி குரைக்குள்...' என்று தொடங்கி, ஒரு நொடி நின்று, 'கூரைக்குள்' என்று தானே மாற்றிக்கொண்டால் அந்தப் பிள்ளை பொருளைப் பிடித்துக்கொண்டு படிக்கிறது என்று அர்த்தம். பிழையே இல்லாமல், ஏற்ற இறக்கமும் இல்லாமல் படித்து முடித்து, 'கோழி எங்கப்பா போச்சு?' என்றால் விழிக்கும் பிள்ளையைவிட இது நல்ல நிலையில் இருக்கிறது.

மூன்றாவதாக உடம்பையும் பாருங்கள். விரல் வைத்துப் படிக்கிறதா, விரலை எடுத்துவிட்டதா, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறதா.

பிள்ளை தடுத்ததும் சொல்லிக் கொடுத்துவிடலாமா?

மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். வரவில்லை என்றால் சொல்லிவிட்டு மேலே போகலாம். பிள்ளையை வரியிலேயே தவிக்கவிடுவது கவனிப்பு ஆகாது. நாம் உடனுக்குடன் எடுத்துக் கொடுத்தால் அது தானாக என்ன செய்யும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பதில் சொல்லத் துடிப்பவர்கள் அவர்கள்தான்.

ஈராசிரியர் பள்ளி, மூன்று வகுப்பு ஒரே அறையில். நேரம் எங்கே?

எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் முடியாது. ஒரு நாளைக்கு மூன்று பேர், ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முப்பது பிள்ளைகள் உள்ள அறையில் இரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். தடுமாறும் பிள்ளைகளை வாரம் ஒருமுறை கேளுங்கள். நன்றாகப் படிப்பவர்களை மாதம் ஒருமுறை கேட்டாலும் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

நேரத்தைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவரை மேசைக்கு அழைக்காமல் நாம் போய் அவர் பக்கத்தில் பாயில் உட்காரலாம். மேசைக்கு அழைத்தால் அது பரீட்சையாகிவிடும். காலை உணவுத் திட்டம் (2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார்) வந்த பிறகு பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவி மணி அடிக்கும் வரை உள்ள நேரத்தில் புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளை யார், எடுக்காத பிள்ளை யார் என்பதே ஒரு குறிப்பு. மாலையில் தெருவில் வகுப்பு நடத்தும் தன்னார்வலர் அக்காக்களுக்கு இன்னும் வசதி. அங்கே மணியும் இல்லை, பாடத்திட்டத்தின் நெருக்கடியும் இல்லை.

எதில் எழுதுவது?

ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளைக்கு ஒரு பக்கம். ஓரத்தில் தேதி. சிலர் சட்டைப் பையில் துண்டுச் சீட்டு வைத்து எழுதி, சாயங்காலம் நோட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அதுவும் நல்ல வழி. செல்போனில் குரலைப் பதிவு செய்து வைப்பவர்களும் உண்டு. ஜூலையில் படித்ததையும் டிசம்பரில் படித்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால் வளர்ச்சி நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளையின் குரலை வாட்ஸாப் குழுவில் போட வேண்டாம்; பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் அனுப்ப வேண்டாம்.

என்ன எழுதுவது? நான் எழுதினால் 'சுமார்', 'பரவாயில்லை' என்றுதான் வருகிறது.

'சுமார்' என்பது நம் தீர்ப்பு. பிள்ளை என்ன செய்தது என்பதை எழுதுங்கள். இப்படி:

'கண்மாய் பற்றிய பாடம். கொ-கோ இரண்டு இடத்தில் மாற்றினாள். மூன்றாவது இடத்தில் தானே திருத்தினாள். கதையைப் பற்றிக் கேட்டதும் கொக்கு ஏன் பறந்தது என்று சொன்னாள்.'

'விரல் வைக்காமல் படித்தான், முதல் தடவை. நீளமான சொல் வந்ததும் (ஓடிக்கொண்டிருந்தது) நின்று, என்னைப் பார்த்தான்.'

'இன்று படிக்க மறுத்தான். பின்னால் தங்கச்சிக்குப் படம் பார்த்துக் கதை சொன்னான், முழுசாக.'

மூன்று மாதம் கழித்து வேறு ஒரு ஆசிரியர் இந்த வரிகளைப் படித்தால், அந்தப் பிள்ளைக்கு மறுநாள் என்ன கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். 'சுமார்' என்று இருந்தால் தெரியாது. 'சோம்பேறி', 'கவனம் இல்லை' போன்ற சொற்களை நோட்டில் ஏற்றவே வேண்டாம். அடுத்த வருட ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவார்.

படிக்கும்போதே குறியிடும் முறை ஒன்று உண்டாமே?

உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே என்ற கல்வியாளர் உருவாக்கியது. பிள்ளை படிக்கும் பத்தியின் நகல் நம் கையில் இருக்கும். சரியாகப் படித்த சொல்லுக்கு ஒரு டிக். மாற்றிப் படித்தால் அந்தச் சொல்லுக்கு மேல் பிள்ளை சொன்னதை அப்படியே எழுத வேண்டும். விட்டுவிட்டால் ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் 'தி'. நாம் சொல்லிக் கொடுத்தால் 'சொ'. இந்த எழுத்துக்குறிகள் நம் வசதிக்கு வைத்துக்கொள்வதுதான், உங்களுக்கு வேறு பிடித்தால் வேறு வையுங்கள். தானே திருத்தியது பிழைக் கணக்கில் வராது.

100 சொல் உள்ள பத்தியில் பிழை 5 வரை என்றால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தனியாகப் படிக்கலாம். 6 முதல் 10 வரை என்றால் நாம் உடன் உட்கார்ந்து படிக்க ஏற்றது. 10ஐத் தாண்டினால் இப்போதைக்கு வேறு புத்தகம் கொடுங்கள். ஆங்கில வாசிப்பைப் பார்த்து வந்த அளவு இது என்பதை நினைவில் வையுங்கள். நம் மொழியில் 'போய்க்கொண்டிருந்தவர்களிடம்' என்பது ஒரே சொல். அதில் ஓரெழுத்து தவறினாலும் ஒரு பிழைதான். அதனால் எண்ணிக்கையைவிட, சொல்லுக்கு மேல் எழுதிவைத்த பிழையை உற்றுப் பாருங்கள். அதில் ஒரு ஒழுங்கு தெரியும்.

மதுரைப் பேச்சில் படித்தால் பிழையாக எடுப்பதா?

இந்தக் கேள்விக்குத்தான் நம் பக்கத்தில் அதிகம் சண்டை வருகிறது. 'மழை பெய்ததும் கண்மாய் நிறைந்தது' என்று அச்சில் இருக்கிறது. பிள்ளை 'மள பேஞ்சதும் கம்மா நெறஞ்சது' என்று படிக்கிறது. 'எல்லோரும் வந்தார்கள்' என்பதை 'எல்லாரும் வந்தாய்ங்க' என்கிறது. இந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்திருக்கிறது, பொருளைப் பிடித்திருக்கிறது, பிடித்ததைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறது. எழுத்துத் தெரியாத பிள்ளையால் இதைச் செய்ய முடியாது. நான் இதைப் பிழையாக எண்ணமாட்டேன். பக்கத்தில் 'பேச்சு' என்று ஒரு குறி போட்டு வைப்பேன். படித்து முடித்த பிறகு, 'சரி, புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு, அப்படியே ஒருக்கா வாசி' என்று கேட்டால் அநேகமாகச் சரியாகப் படித்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால்தான் வேலை இருக்கிறது.

'ழ' இன்னும் நுட்பமான இடம். தென்மாவட்டத்தில் பழம் 'பளம்'தான், வாத்தியாருக்கும் பல நேரம் அப்படித்தான். ஒலியை மட்டும் கேட்டு பிள்ளைக்கு ழ, ள வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்று முடிவு கட்ட முடியாது. 'இதுல பழத்துக்கு வர்ற எழுத்து எது, தொடு' என்றால் தெரிந்துவிடும். ர, ற-வும் அப்படியே. உச்சரிப்பை வேறொரு நேரத்தில், பாட்டாகவோ விளையாட்டாகவோ பழக்கலாம். வாசிக்கும் நடுவில் 'ழ சொல்லு, நாக்கை மடி' என்று நிறுத்தினால் கதை அறுந்துபோகும், பிள்ளை அடுத்த முறை வாய் திறக்க யோசிக்கும்.

வீட்டில் சௌராஷ்டிரம், தெலுங்கு, இந்தி பேசும் பிள்ளைகள்?

மதுரை நகரத்துப் பள்ளிகளில் சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. கிராமங்களில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது சேர்கிறார்கள். முதலிரண்டு வகைப் பிள்ளைகள் தெருவிலேயே தமிழ் கற்றுவிடுவதால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. மூன்றாவது வகையில், எழுத்தைச் சரியாகக் கூட்டிப் படித்துவிட்டுச் சொல்லின் பொருள் தெரியாமல் நிற்பதைப் பார்க்கலாம். அவர்களுக்குக் குறிப்பில் இரண்டு தனி வரி வையுங்கள்: எழுத்து வருகிறதா, சொல் தெரிகிறதா. இரண்டையும் சேர்த்து 'படிக்கத் தெரியவில்லை' என்று எழுதினால் பிள்ளைக்கு அநியாயம். கதையைத் தன் மொழியில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் அது சொல்லும் விதத்திலேயே விளங்கிக்கொண்டதா என்று தெரியும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கணக்கெடுக்க வேண்டுமா?

2021இல் வந்த நிபுண் பாரத் என்ற ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டத்தின் இலக்கில் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்புக்குக் குறைந்தது 60 சொல் என்று இருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். அன்றாடம் கடிகாரத்தைக் கையில் பிடித்தால் பிள்ளைகள் ஓட்டப்பந்தயமாக எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறார்கள். நிறுத்தற்குறியில் நிற்கிறதா, கேள்வி வந்தால் குரல் ஏறுகிறதா என்று கேளுங்கள்.

மனப்பாடமாக ஒப்பிக்கிறானா, படிக்கிறானா?

நடுவில் ஒரு வரியைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அதே சொற்களை வைத்து நீங்களே கரும்பலகையில் புது வாக்கியம் ஒன்று எழுதிப் பாருங்கள். மனப்பாடம் என்று தெரிந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே விரலால் சொற்களைத் தொட்டுப் போவது வாசிப்புக்கு நல்ல தொடக்கம்.

வாயே திறக்காத பிள்ளையை எப்படிக் கவனிப்பது?

பாடப்புத்தகத்தை மூடிவிடுங்கள். ஊர் முழுக்க எழுத்துதான். பேருந்துப் பலகையில் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார் என்று வருவதை ஓடும்போதே படித்துவிடும் பிள்ளை வகுப்பில் ஊமையாக இருக்கும். காதணி விழா, வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி பேனர் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. தன் மாமா பேரைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டாத பிள்ளை குறைவு. 'பேனரில் நான்கு பெயர்களைப் படித்தாள், சித்தப்பா பேரைத் தானே கண்டுபிடித்தாள்' என்பது முழுமையான வாசிப்புக் குறிப்புதான், தயங்காமல் எழுதுங்கள். கோயிலிலோ பழைய கடைப் பலகையிலோ ணை, லை, னை பழைய வடிவத்தில் இருந்து பிள்ளை தடுத்தால் அது பிள்ளையின் குறை இல்லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு எழுதியதாக இருக்கும்.

இன்னொரு வழி, சின்ன வகுப்புப் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டச் சொல்வது. நமக்கு முன்னால் திறக்காத வாய் ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு முன்னால் திறந்துவிடும். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது அடுக்குங்கள். காது மட்டும் அங்கே இருக்கட்டும்.

நூலகப் புத்தகம் படிப்பதையும் குறிக்க வேண்டுமா?

கட்டாயம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலையாக வந்திருக்கின்றன. பிள்ளை தானாக எதை எடுக்கிறது, எத்தனை பக்கத்தில் வைத்துவிடுகிறது, திரும்ப அதையே எடுக்கிறதா என்று பாருங்கள். 'நட' படிக்கும் பிள்ளை 'பற' புத்தகத்தைப் படத்துக்காக எடுத்தால் பிடுங்க வேண்டாம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப் போனால், அங்கே யார் எந்த அலமாரிக்குப் போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வகுப்பில் கிடைக்காத செய்தி அது.

கண் கோளாறோ வேறு சிக்கலோ இருக்குமோ என்று எப்போது சந்தேகப்படுவது?

கண்ணைச் சுருக்குவது, வரியைத் தவறவிட்டுக் கொண்டே இருப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாதது ஆகியவை குறிப்பில் இரண்டு மூன்று முறை வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரியும் அரவிந்த் கண் மருத்துவமனையும் நம் ஊரிலேயே இருக்கின்றன. கண்ணும் காதும் சரியாக இருந்து, ஆறேழு மாதம் விடாமல் உதவியும் எழுத்து ஒலி ஒட்டவே இல்லை என்றால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லலாம். அவரிடம் கொண்டுபோக உங்கள் நோட்டைவிட நல்ல ஆதாரம் இல்லை. நோயின் பெயரை நாமாகச் சூட்டுவது மட்டும் கூடாது.

பெற்றோரிடம் இதை எப்படிச் சொல்வது?

நோட்டைத் திறந்து, நடந்ததைச் சொல்லுங்கள். பல வீடுகளில் பள்ளிக்கு வருவது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். 'பேரன் படிக்கிறானா சார்?' என்று கேட்பார். 'நல்லாப் படிக்கிறான் அப்பத்தா' என்று அனுப்பிவிடாமல், 'போன மாசம் வரை விரலை வச்சுத்தான் படிச்சான் அப்பத்தா, இப்ப விரல் வைக்காமப் படிக்கிறான். ராத்திரி நீங்க உட்கார்ந்து கதையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க' என்றால் அவருக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. 'எனக்கு எழுத்தே தெரியாதே தம்பி' என்பார். கேட்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டாம். கதை புரியாவிட்டால் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளையோடு ஒப்பிட்டு எதையும் சொல்லாதீர்கள்.

அதிகாரி வந்து கேட்டால் இந்த நோட்டைக் காட்டலாமா?

காட்டலாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே பிள்ளையின் அறிவையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிடச் சொல்கிறது. ஆனால் காட்டுவதற்காக எழுதத் தொடங்கினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும். கையெழுத்து மோசமாக, அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும். செயலியில் ஏற்ற வேண்டியதை வழக்கம்போல் ஏற்றிவிடுங்கள், இதை அதில் கலக்க வேண்டாம்.

எழுதிய பிறகு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிடம் நோட்டைப் புரட்டுங்கள். ஐந்தாறு பக்கத்தில் கொ-கோ வந்திருந்தால் திங்கட்கிழமை எல்லோருக்கும் அதுதான் பாடம். ஒரே பக்கத்தில் மட்டும் வந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் மூன்று நிமிடம். யாருடைய பக்கம் காலியாகக் கிடக்கிறது என்றும் பாருங்கள். காலிப் பக்கம் பெரும்பாலும் சத்தம் போடாத, நடுத்தரமான பிள்ளையுடையது. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குங்கள். செங்கல் சூளை வேலைக்கோ கரும்பு வெட்டுக்கோ போன குடும்பத்தோடு பிள்ளையும் போயிருந்தால், எந்த இடத்தில் விட்டது என்பதை நோட்டு சொல்லும். திரும்பி வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆண்டு முடிந்ததும் நோட்டை என்ன செய்வது?

அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். முழு நோட்டையும் படிக்க அவருக்கு நேரம் இருக்காது என்பதால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று வரி போதும்: இப்போது தனியாகப் படிக்கும் புத்தகம் எது, இன்னும் தடுக்கும் இடம் எது, எதைக் கொடுத்தால் பிள்ளை ஆசையாக எடுக்கும். கோடை விடுமுறைக்குப் பிறகு ஜூனில் எல்லாப் பிள்ளைகளுமே கொஞ்சம் பின்னால் போயிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் பழைய புத்தகத்தையே படிக்கவிட்டு, அதன் பிறகு புதுக் குறிப்பை எழுதத் தொடங்கலாம்.